முள்ளியவளையில் ஒரு தனிப்பாய்

முல்லைத்தீவு நகரிலிருந்து மாங்குளம் நோக்கிச் செல்லும் வீதியில் ஏழெட்டுக் கிலோமீற்றர் வந்தால் முள்ளியவளை. வயல்வெளிகளும், பனையும் தென்னையும் நிற்கும் வளவுகளும், வித்தியானந்தக் கல்லூரியும், காட்டா விநாயகர் கோயிலும் கொண்ட பழைய ஊர். அடுத்த ஊரின் பெயர் தண்ணீரூற்று. இங்கே தண்ணீருக்குக் குறைவில்லை என்று அந்தப் பெயரே சொல்லும்.

போரின் இறுதி மாதங்களில் இந்த ஊர்ச் சனங்கள் வீட்டைப் பூட்டியும் பூட்டாமலும் புறப்பட்டார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்த பின் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பிறகு கட்டம் கட்டமாகத் திரும்பி வந்தபோது கூரையில்லாத சுவர்களும் பற்றை மண்டிய வளவுகளும்தான் மிச்சமாக இருந்தன. இன்று இங்கே வருகிறவர்கள் கல்வீடுகளையும் கார்ப்பெற் வீதியையும் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கலாம். எத்தனை வீடுகளில் ஆண்களின் படம் மாலையோடு தொங்குகிறது, எத்தனை வீடுகளில் மாலை போட மனம் வராமல் தொங்குகிறது என்பது உள்ளே போனால்தான் தெரியும்.

இந்த ஊரின் பெரிய மாதம் வைகாசி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன், முல்லைத்தீவுக் கடலில் இருந்து தீர்த்தம் எடுத்து வருவார்கள். அந்தக் கடல்நீரை ஊற்றி முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கு ஏற்றுவார்கள். ஒரு கிழமை அந்த விளக்கு அங்கே எரியும். அதன் பின்புதான் வற்றாப்பளைக்குக் கொண்டு செல்லப்படும். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாக வந்து சேர்ந்தாள் என்பது ஐதீகம். சிறுவர்கள் அவளுக்குத் தழைகளால் கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை ஊற்றி எரிக்கச் சொன்னாள். அதன் நினைவாகத்தான் இந்த விளக்கு. எத்தனையோ இடப்பெயர்வுக்குப் பிறகும் எங்கள் பெண்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கங்களில் இது முக்கியமானது.

நான் ஒரு சமூகப் பணியாளர். பிறந்த ஊரும் இதற்கு அருகில்தான். இந்தப் பகுதியில் உள்ள சில முன்பள்ளிகளுக்கு மாதம் இரண்டு மூன்று தடவை போய்வருவது என் வேலை. பிள்ளைகளின் நிறை கூடுகிறதா என்று பார்ப்பது, தாய்மாரோடு கூட்டம் வைப்பது, ஆசிரியைகளின் குறைநிறைகளைக் கேட்பது என்று நாட்கள் போகும். 2023ஆம் ஆண்டு வைகாசியில் அப்படி ஒரு முன்பள்ளியில் நடந்ததையும், அதற்குப் பின் நான் போன ஒரு பயணத்தையும்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வருடம் பொங்கலுக்கு முன்னரே நான்கு குறவர் குடும்பங்கள் வந்து குளக்கட்டின் கீழே மருத மரத்தடியில் கொட்டில் போட்டன. வளைத்த தடிகளுக்கு மேல் நீலத் தறப்பாள். எங்களில் யாருக்கும் தறப்பாளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மழைக்கு அது எப்படி ஒழுகும், வெயிலுக்கு எப்படி வேகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் பாம்புப் பெட்டியோடு கோயில் பக்கம் போனார்கள். பெண்கள் கைபார்த்துச் சாத்திரம் சொல்ல ஒழுங்கைகளுக்குள் வந்தார்கள்.

அவர்களுடைய பிள்ளைகளில் ஒருத்தி, நான்கு வயதிருக்கும், காலையில் முன்பள்ளி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே பிள்ளைகள் பாடினால் வெளியே அவளும் கையை ஆட்டுவாள். ஆசிரியை நல்ல மனம் உள்ளவர். கேற்றைத் திறந்து அவளை உள்ளே கூட்டி வந்து மற்றப் பிள்ளைகளோடு இருத்தினார்.

அடுத்த நாள் காலை கேற்றடியில் மூன்று தாய்மார் நின்றார்கள். நானும் அன்று அங்கே போயிருந்தேன்.

“என்ன ரீச்சர், உந்தக் குறத்திப் பிள்ளையை எங்கட பிள்ளையளோட இருத்திப் போட்டியளாம்?”

“சின்னப் பிள்ளைதானே. நாலு நாளைக்கு வந்திட்டுப் போகட்டும்.”

“தலையைப் பாருங்கோ, பேன் நெளியும். ஏதும் வருத்தம் தொத்தினால் ஆர் பாக்கிறது? நாங்கள் பிள்ளையளை மறிக்கப் போறம்.”

அந்த மூன்று பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவருக்குக் கணவர் இல்லை. ஒருவருடைய கணவர் எங்கே என்று தெரியாது. மூன்றாமவர் தன் காலில் இருக்கும் ஷெல் துண்டோடு கூலி வேலைக்குப் போகிறவர். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. கையில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பிள்ளைதான் என்ற பயம் அவர்களுக்கு. ஆசிரியை என் முகத்தைப் பார்த்தார். நான் சமூகவியல் படித்தவள். முடிவு என் வாயிலிருந்து வரட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

“ஒரு தனிப்பாய் போட்டு ஓரமா இருத்துங்கோ ரீச்சர். ரெண்டு மூண்டு நாளில போயிடுவினம்” என்றேன்.

இரண்டு பக்கத்துக்கும் நோகாமல் பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக அப்போது நினைத்தேன்.

கதவடியில் ஒரு சின்னப் பாய் விரிக்கப்பட்டது. அவள் அதில் இருந்தாள். தண்ணீர் கேட்டபோது ஆசிரியையின் உதவியாளர் கோப்பையில் கொடுக்காமல் கையில் வார்த்தார். கௌபி அவித்துக் கொடுத்தபோது அவளுக்கு இலையில் போனது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தனிப்பாய் வந்ததும் மற்றவை தாமாகவே வந்து சேர்ந்தன. மூன்றாம் நாள் நான் கவனித்த ஒன்றை இன்றும் மறக்க முடியவில்லை. ஒரு பொடியனின் பந்து உருண்டு அவளுடைய பாயில் போய் நின்றது. அவன் ஓடிப்போய், பாயின் விளிம்பில் நின்றுவிட்டான். அவள் பந்தை எடுத்து நீட்டினாள். அவன் ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தான். வாங்கலாமா, கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டே நாளில் அந்தப் பாயைச் சுற்றி, யாரும் கீறாத ஒரு கோடு விழுந்திருந்தது.

ஒரு பிள்ளையின் மூளை வளர்ச்சியில் பெரும்பகுதி ஐந்து வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று தாய்மாருக்கு நாங்கள் அடிக்கடி சொல்லுவோம். அதனால்தான் கிளினிக்கில் நிறை பார்ப்பதும், திரிபோஷா கொடுப்பதும், முன்பள்ளி வைப்பதும். ஆனால் அந்த வயதில் பிள்ளை கற்றுக்கொள்வது எழுத்தும் பாட்டும் மட்டுமல்ல. யார் எங்கள் ஆள், யார் வெளி ஆள் என்பதையும் மூன்று நான்கு வயதிலேயே பிள்ளைகள் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துப் படித்துவிடுகிறார்கள். அந்த முன்பள்ளியில் முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். அந்தக் கிழமை முப்பது பேரும் ஒரு பாடம் படித்தார்கள். முப்பத்தோராவது பிள்ளையும் படித்தாள்.

அன்று பின்னேரம் மருத மரத்தடிக்குப் போனேன். அங்கே ஊர்ப் பெண்கள் சிலர் கையை நீட்டிக்கொண்டு இருந்தார்கள். காலையில் கேற்றடியில் நின்ற மூவரில் ஒருவரும் இருந்தார். என்னைக் கண்டதும் சீலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் என்ன கேட்க வந்தார் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

எல்லோரும் போன பின் அந்தச் சிறுமியின் தாய் என்னோடு கதைத்தார். தமிழும் சிங்களமும் கலந்த பேச்சு.

“உங்க ஊர்ல எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கிறது. அவர் இருக்காரா, வருவாரா? ‘வருவார்’ சொன்னா காசு கொடுக்கிறது. ‘தெரியாது’ சொன்னா அழுகிறது. நான் என்ன சொல்ல?”

பிறகு அவரே கேட்டார்: “பிள்ளையை ஏன் தனியா வைச்சது?”

“புதுப் பிள்ளைதானே, கொஞ்சம் பழகட்டும் எண்டுதான்” என்றேன்.

அவர் சிரித்தார். கோபம் இல்லை. பலமுறை கேட்டுப் பழகிய ஒரு பொய்யை மீண்டும் கேட்டது போன்ற சிரிப்பு. “அளிக்கம்பையில எங்க ஆளுங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. அங்க தனிப்பாய் இல்ல” என்றார்.

இரண்டு நாள் கழித்து நான் போனபோது மரத்தடியில் அடுப்புக் கல்லும் சாம்பலும் மட்டும் இருந்தன. முன்பள்ளியின் குறிப்புக் கொப்பியைப் பார்த்தேன். “குறத்திப் பிள்ளை 1” என்று எழுதியிருந்தது. அப்போதுதான் உறைத்தது. அவளுடைய பெயரை ஆசிரியையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிரவு எனக்கு வேறொரு பாய் ஞாபகம் வந்தது. முகாமில் இருந்து வெளியே வந்த புதிதில், வவுனியாவில் தெரிந்தவர்கள் வீடொன்றில் சில நாட்கள் தங்கினேன். எனக்கு இருபது வயது. அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் எனக்கென்று ஒரு ரம்ளர் தனியே கழுவி வைக்கப்பட்டிருக்கும். வீட்டுப் பிள்ளைகள் படுக்கும் அறையில் இடம் இருந்தும் என் பாய் விறாந்தையில் விரிக்கப்படும். “முகாம் பிள்ளை, பேன் இருக்கும்” என்று உள்ளே யாரோ சொன்னது காதில் விழுந்தது. அந்தச் சொல்லை மறப்பதற்காகவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விழுந்து விழுந்து படித்தேன். ஒதுக்கப்படுதல் என்பதைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். பதினான்கு வருடம் கழித்து அதே விறாந்தைப் பாயை நான் ஒரு நான்கு வயதுப் பிள்ளைக்கு விரித்தேன்.

அதன் பின்புதான் அவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். இலங்கையில் இவர்களைச் சிங்களத்தில் அஹிகுண்டிக என்பார்கள். பாம்பாட்டி என்ற பொருளுடைய பாளிச் சொல்லில் இருந்து வந்தது. நாங்கள் குறவர், வனக்குறவர் என்கிறோம். வீட்டில் பேசுவது தெலுங்கு. அநுராதபுர மாவட்டத்தில் தம்புத்தேகமவுக்கு அருகே குடாகமவிலும், கலாவெவப் பக்கத்திலும், கிழக்கில் அளிக்கம்பையிலும் அவர்களுக்கு நிலையான குடியிருப்புகள் உண்டு. சிங்களப் பகுதியில் பிள்ளைகள் சிங்களத்தில் படிக்கிறார்கள், கிழக்கில் தமிழில் படிக்கிறார்கள். பாம்புக்கும் குரங்குக்கும் முன்னைப் போலக் கூட்டம் சேருவதில்லை. கைபேசி வந்த பிறகு வீதியில் வித்தை பார்க்க யார் நிற்கிறார்கள்? ஆகவே பலர் கூலி வேலைக்கும் வயல் வேலைக்கும் போய்விட்டார்கள். சிலர் இன்னும் திருவிழாக் காலங்களில் ஊர் ஊராகப் போகிறார்கள்.

அந்த வருடம் ஆவணியில் மட்டக்களப்பில் ஒரு பயிற்சிக்குப் போகக் கிடைத்தது. அதோடு அளிக்கம்பையையும் பார்த்துவிட்டு வருவதென்று முடிவு செய்தேன். முள்ளியவளையில் இருந்து நெடுங்கேணி வழியாக வவுனியா, அங்கிருந்து திருகோணமலை, கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல், வாகரை, மட்டக்களப்பு. பஸ் யன்னலோரம் இருந்து பார்த்தால் கடலும் களப்பும் வயலும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வீதியில் உள்ள ஒவ்வொரு பெயர்ப்பலகையும் ஒரு இடப்பெயர்வின் பெயர். பக்கத்து ஆசனத்தில் இருந்த வாகரை அம்மா, 2004இல் கடல் வந்ததையும் அதற்குப் பின் சண்டை வந்ததையும், இரண்டிலும் தறப்பாளின் கீழ் கிடந்ததையும் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் நாடோடிகளாக இருந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். வித்தியாசம் ஒன்றுதான். எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் இருந்தது.

பயிற்சி முடிந்ததும் மட்டக்களப்பில் இருந்து கல்முனை ஊடாக அக்கரைப்பற்றில் இறங்கினேன். அளிக்கம்பை ஆலையடிவேம்புப் பிரதேச செயலாளர் பிரிவில் இருக்கிறது. கரையோரப் பெருவீதியை விட்டு உள்ளே வயல்களுக்கு நடுவால் ஓட்டோவில் போனேன். தேவாலயம், பாடசாலை, சின்னக் கல்வீடுகள், வேலியில் காயும் உடுப்புகள். ஊர் எங்கள் மீள்குடியேற்றக் கிராமங்களைப் போலவே இருந்தது. கத்தோலிக்கக் குருமாரின் முயற்சி இந்தக் குடியிருப்பில் நிறைய உண்டு. ஊரில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள்.

திண்ணையில் இருந்த ஒரு வயோதிப மாது என்னை அருகில் இருத்தித் தேத்தண்ணீர் தந்தார். “நாங்க அலைஞ்சு திரிஞ்ச ஆக்கள், மகள். இந்தப் பிள்ளைகள் படிக்கோணும் எண்டுதான் ஒரு இடத்தில இருந்தம்” என்றார். சிறிது நேரம் கழித்து, “இப்ப பேரப்பிள்ளைகளிட்ட நான் தெலுங்கில கேக்கிறன், அதுகள் தமிழில பதில் சொல்லுதுகள். படிப்பு வந்தது நல்லம். பேச்சுப் போகுது” என்றார். இதைக் குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஒரு ஆசிரியையையும் சந்தித்தேன். முள்ளியவளையில் நடந்ததைச் சொல்லி, நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்துச் சில சொற்களை எழுதித் தந்தார். ‘ரா’ என்றால் வா. ‘பாலு’ என்றால் பால். ‘பாமு’ என்றால் பாம்பு. ‘நீள்ளு’ என்றால் தண்ணீர். எங்கள் பழைய சொல்லான நீர் அதற்குள் ஒளிந்திருக்கிறது. தெலுங்கும் தமிழும் ஒரே குடும்ப மொழிகள். “புதுசா வாற பிள்ளைக்கு முதல் நாள் அதுட வீட்டுச் சொல்லு நாலு சொல்லிப் பாருங்க. பிள்ளை அழாது” என்றார்.

ஆனால் அங்கேயும் எல்லாம் சுகமாக இல்லை. மேல்வகுப்புக்காக வெளியூர்ப் பள்ளியொன்றுக்குப் போன ஒரு பொடியன், சக மாணவர்கள் பெயர் சொல்லாமல் “டேய் குறவா” என்று கூப்பிட்டதால் பாதியில் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரு யோசனை ஓடியது. அளிக்கம்பைப் பள்ளியில் தனிப்பாய் இல்லை என்று அந்தத் தாய் சொன்னது உண்மைதான். ஆனால் பக்கத்து ஊர்ச் சனங்கள் தங்கள் பாயில் இடம் விடாவிட்டால், அந்த ஊர் முழுவதுமே பெரிய ஒரு தனிப்பாய் ஆகிவிடாதா?

இந்தக் கேள்வி எங்களுடையது மட்டுமல்ல. ஐரோப்பாவில் ரோமா என்ற மக்கள் ஒரு கோடிக்கு மேல் இருப்பதாகக் கணிக்கிறார்கள். நாங்கள் ஜிப்சி என்று கேள்விப்பட்டவர்கள் அவர்கள்தான். ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் வட இந்தியாவில் இருந்து புறப்பட்டவர்கள் என்பதை அவர்களுடைய மொழியே காட்டிக் கொடுக்கிறது. யெக், துய், திரின் என்று அவர்கள் எண்ணுவது ஹிந்தியின் ஏக், தோ, தீன் போலவே கேட்கும். எங்கள் குறவர்கள் பேசும் தெலுங்கு வேறு மொழிக் குடும்பம். இரத்த உறவு என்று சொல்ல முடியாது. ஆனால் பட்ட பாடு ஒன்றுதான். இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கான ரோமாக்களை நாசிகள் கொன்றார்கள். 1944 ஓகஸ்ட் 2ஆம் திகதி இரவு அவுஷ்விட்ஸ் முகாமில் மட்டும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட ரோமாக்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும்.

போர் முடிந்து அரை நூற்றாண்டு கழிந்தும் பாய் தனியாகத்தான் இருந்தது. செக் குடியரசின் ஒஸ்ட்ராவா நகரில், ரோமாப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் மூளை வளர்ச்சி குறைந்தவர்களுக்கான விசேட பள்ளிகளில் இருந்தார்கள். மற்றப் பிள்ளைகளில் நூறுக்கு இரண்டு பேர் கூட அங்கே இல்லை. பெரும்பான்மைப் பிள்ளைகளை மனதில் வைத்துத் தயாரித்த பரீட்சையை, வேறு மொழியிலும் வேறு சூழலிலும் வளர்ந்த பிள்ளைக்கு வைத்து, விடை வராவிட்டால் மூளை போதாது என்று எழுதிவிட்டார்கள். 18 ரோமா மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 2007 நவம்பர் 13ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அது பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகவரகம் 2021இல் நடத்திய ஆய்வில், ரோமாப் பிள்ளைகள் நூறு பேரில் 44 பேர்தான் முன்பள்ளிக்குப் போகிறார்கள் என்று தெரியவந்தது. பொதுவாக அங்கே நூறுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் போகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் நிலைமை இதுதான். 2021இல் மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானப் பந்தியில் இருந்து நரிக்குறவர் பெண் ஒருவர் ஒதுக்கப்பட்டார். அவர் அழுதுகொண்டு மூலையில் போய் இருக்கவில்லை. என்ன நடந்தது என்று ஊரறியச் சொன்னார். அதன் பிறகு அமைச்சர் ஒருவர் அதே கோயிலில் அவரோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டார். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் இந்தியப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பல பத்தாண்டுக் கோரிக்கை அது.

1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. சிறுபான்மைப் பிள்ளைக்குத் தன் மொழியும் பண்பாடும் மறுக்கப்படக் கூடாது என்று அதன் 30ஆம் உறுப்புரை சொல்கிறது. எங்களுக்காக இந்த உறுப்புரையை எத்தனை கூட்டங்களில் எடுத்துப் பேசியிருக்கிறோம். எங்கள் ஊருக்குள் வரும் இன்னொரு சிறுபான்மைப் பிள்ளைக்கும் அது பொருந்தும் என்று ஒரு கூட்டத்திலும் பேசவில்லை.

2024ஆம் ஆண்டு வைகாசி பிறக்க முன்னரே அந்த முன்பள்ளியில் தாய்மார் கூட்டம் வைத்தோம். முதலில் நான் என் பிழையைச் சொன்னேன். விறாந்தைப் பாயின் கதையையும் சொன்னேன். சிலர் தலையைக் குனிந்தார்கள். ஒருவர், “அக்கா, எங்களையும் வவுனியா ஆஸ்பத்திரி வாசலில அப்பிடித்தான் பாத்தவை” என்றார். ஆனாலும் பேன் பற்றிய கேள்வி மீண்டும் வந்தது. அது ஒதுக்கித் தள்ள வேண்டிய கேள்வியும் அல்ல. குடும்பநல உத்தியோகத்தர் அதற்குப் பதில் சொன்னார். பேன் எல்லாப் பிள்ளைகளின் தலையிலும் வரும், சீப்பும் மருந்தும் இருந்தால் போகும், வருத்தம் இருந்தால் எந்தப் பிள்ளையானாலும் வீட்டில் நிற்க வேண்டும் என்றார்.

அப்போது பேத்தியைக் கூட்டி வந்திருந்த ஒரு அம்மம்மா பின்னாலிருந்து கதைத்தார். மகள் போரில் இறந்த பின் பேத்தியை வளர்த்துக் கொடுத்து, இப்போது பூட்டப்பிள்ளையைக் கூட்டிவரும் மனுசி.

“வற்றாப்பளையாள் இந்த ஊருக்கு எப்பிடி வந்தவ? கிழவியா, அலைஞ்சு உலைஞ்சுதானே வந்தவ. மாடு மேய்ச்ச பொடியளிட்ட, தலையில பேன் பாருங்கோ எண்டு கேட்டவ. பொடியள் அருவருத்திருந்தால் அந்தத் தலையில இருந்த ஆயிரம் கண்ணை ஆர் கண்டிருப்பினம்?”

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் எடுத்த முடிவுகள் சின்னவை. ஒரு நாள் வந்தாலும் ஒரு கிழமை வந்தாலும் பிள்ளையின் பெயரைக் கேட்டு வரவுக் கொப்பியில் எழுதுவது. எல்லோரும் குடிக்கும் கோப்பையிலேயே தண்ணீர். பாய்களை ஓரத்தோடு ஓரம் தைத்து ஒன்றாக்குவது. தைக்கும் வேலையை மூன்று தாய்மார் பொறுப்பேற்றார்கள். கேற்றடியில் நின்ற மூவரில் இருவர் அதில் இருந்தார்கள். அளிக்கம்பையில் இருந்து கொண்டு வந்த சொற்களை ஆசிரியை பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

அந்த வருடமும் குறவர்கள் வந்தார்கள். ஆனால் வேறு குடும்பங்கள். அந்தச் சிறுமி இல்லை. ஐந்து வயதுப் பொடியன் ஒருவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆசிரியை கேற்றைத் திறந்து, “ரா” என்றார். அவன் திகைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். பெயரைக் கேட்டோம், சொன்னான். பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார்கள்.

எல்லாம் உடனே மாறிவிடவில்லை. முதல் நாள் ஆறு தாய்மார் பிள்ளைகளை அனுப்பவில்லை. இரண்டாம் நாளும் நான்கு பிள்ளைகள் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு பிள்ளைதான் குறைவு. அந்தப் பொடியன் பாம்பு போல ஊர்ந்து காட்ட, மற்றவர்கள் “பாமு, பாமு” என்று கத்திக்கொண்டு அவனுக்குப் பின்னால் ஊர்ந்தார்கள். அவனுடைய தாயிடம் கிளினிக் பற்றிக் கேட்டபோது, துணிப் பையில் இருந்து வேறு மாவட்டத்துக் கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டினார். ஊசிகள் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன. அவர்களிடம் எதுவும் இருக்காது என்று நாங்கள்தான் நினைத்திருந்தோம். நிறை கொஞ்சம் குறைவு. அதை அந்தக் கொப்பியிலேயே பதிந்து கொடுத்தார் குடும்பநல உத்தியோகத்தர்.

ஒரு கிழமை முன்பள்ளியால் அந்தப் பொடியனின் வாழ்க்கை மாறிவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. அவனுக்கு நிலையான பள்ளியும், அவனுடைய பெற்றோருக்குப் பிழைக்க ஒரு வழியும், இருக்க ஒரு துண்டு நிலமும் வேண்டும். அது எங்கள் பாயால் முடியாது. ஆனால் எங்கள் பிள்ளைகள் அந்தக் கிழமை படித்தது அவர்களோடு இருக்கும்.

அந்தச் சிறுமி இப்போது பள்ளிக்குப் போகும் வயதை அடைந்திருப்பாள். எங்கே இருக்கிறாளோ, எந்த மொழியில் எழுத்துக் கூட்டுகிறாளோ. அவளைத் தேடவும் எனக்கு வழியில்லை, ஏனென்றால் பெயர் தெரியாது. உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் அவர்கள் வருவார்கள். நீங்களும் கையை நீட்டி அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடும். கேளுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் அதற்கு முன் பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் பெயர் என்ன என்று ஒருதரம் கேளுங்கள்.